வெளிச்சம் அடிக்காத கேமரா

"எவனோ ராத்திரியில வந்து மடையத் திருப்பிட்டுப் போறான் ஆத்தா" என்று மாமனார் வந்து சொன்னபோது நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். "நம்ம தோட்டத்துக்கு யாரு மாமா வரப்போறா, எலி வளை பறிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் சொல்வதில் பாதியைக் காற்றில் விட்டுவிடும் பழக்கம் எனக்கு அப்போது இருந்தது. மீதிப் பாதிக்கே பதில் சொல்லி மாளாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் நானே போய்ப் பார்த்தேன். வாழைக்குப் போகவேண்டிய தண்ணீர் முழுவதும் வெங்காயப் பாத்தியில் நின்றது. சின்ன வெங்காயத்துக்குத் தண்ணீர் காட்டலாம், நிற்க விடக்கூடாது. ஒரு வெங்காயத்தாளைப் பிடித்து இழுத்தேன், வெங்காயம் கூழாகக் கையோடு வந்தது. அந்த நாற்றம் சோப்புப் போட்டுக் கழுவியும் சாயங்காலம் வரை விரலில் இருந்தது. எலி வேலை இல்லை அது. வாழைப் பக்கத்து மடையை மண் அணைத்து மிதித்து அடைத்து, வெங்காயப் பக்கத்து மடையை மம்பட்டியால் நறுக்கென்று வெட்டித் திறந்திருந்தார்கள். வெட்டிய கைக்குத் தொழில் தெரிந்திருந்தது.

எங்கள் தோட்டம் காந்திகிராமத்தைத் தாண்டி, சிறுமலையைப் பார்த்துப் போகும் மண்பாதையில் இருந்தது. வீடும் தோட்டத்துக்குள்ளேயே. ஒரு கிணறு, ஒரு மோட்டார் ரூம், கொஞ்சம் தென்னை, வாழை, மிச்சத்தில் வெங்காயம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் மோட்டார் ஓட வேண்டிய த்ரீ பேஸ் கரண்ட் பெரும்பாலும் ராத்திரியில்தான் வரும். எப்போது வரும் என்பது கடவுளுக்கும் மின்வாரியத்துக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். அதனால் எல்லாரும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டு, எந்தப் பாத்திக்குத் தண்ணீர் வேண்டுமோ அந்த மடையைச் சாயங்காலமே திறந்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். கரண்ட் வந்தால் மோட்டார் தானாக ஓடும், தண்ணீர் தானாகப் பாயும். இடையில் யாராவது மடையை மாற்றினால் விடியும்வரை ஒருவருக்கும் தெரியாது.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். என் வீட்டுக்காரர் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர், வாரம் ஒரு ஷிப்ட். நைட் ஷிப்ட் வாரங்களில் மில் பஸ் அவரைச் சாயங்காலம் அள்ளிக்கொண்டு போய்க் காலையில் கொண்டுவந்து கொட்டும். நான் திண்டுக்கல்லில் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சர். மாமியார் இறந்த பிறகு மாமனார் முன்னறையில் படுத்துக்கொண்டார். அந்த அறைக்குத் தனியாக வாசல் பக்கம் ஒரு கதவு உண்டு. நான் உள்ளே ஃபேனைப் போட்டுக்கொண்டு தூங்கினால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டேன்.

மடை மாறுவது ஒரு தடவையோடு நிற்கவில்லை. தட்டிக்கதவு திறந்து கிடந்தது. இரண்டு வாழை சரிந்து கிழங்கு தோண்டப்பட்டிருந்தது. அது பன்றி வேலை என்றார் வீட்டுக்காரர். பன்றி மடையைத் திருப்புமா என்று மாமனார் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு அந்த மண்ணில் ஐம்பது வருட உழைப்பு. வெங்காயம் அழுகுவதை அவரால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் வரப்பில் நின்றுவிட்டு வருவார். வந்து, "எனக்குச் சோறு போட்டியா?" என்பார். கோபத்தில் மனிதனுக்கு எதுவும் நினைவில் நிற்காது என்று நானே அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தேன்.

ஒருநாள் பள்ளியிலிருந்து வந்தபோது மோட்டார் ரூமில் ஒரு சுருள் கம்பி தொங்கியது. மாமனார் கீழே உட்கார்ந்து அரிவாளால் முளைக்குச்சி சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு சாக்கு நிறையப் பழைய சைக்கிள் டியூப் துண்டுகள். கம்பி குச்சியில் படாமல் இருக்க ரப்பர் சுற்றுவார்கள். எதற்கென்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் அது ரகசியமே இல்லை. பன்றிக்குப் பயந்து சுற்றிலும் கம்பி கட்டி மோட்டார் கரண்டை அதில் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி குற்றம் என்று எல்லாருக்கும் தெரியும். பன்றி சாகும், நாய் சாகும், மாடும் சாகும். மலையடிவாரத்தில் ஒருவர் தான் கட்டிய கம்பியிலேயே காலையில் கால் வைத்துச் செத்துப்போனதை எங்கள் ஊரில் சொல்லாதவர் கிடையாது. சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் அவர்களும் கம்பி கட்டுவார்கள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நான் பேச்சை எடுத்தேன்.

"மாமா, வர்றது பன்னின்னா சரி. ஆளா இருந்தா?"

"ஆளா இருந்தாச் சாவட்டும். என் வெங்காயத்த அழுக வச்சவன் என்ன ஆனா எனக்கென்ன?"

"அப்பா, போலீஸ் கேஸாயிரும்" என்றார் வீட்டுக்காரர்.

"ஏலே, உனக்கு மில்லுல நூலு அறுந்தா ஒட்டத் தெரியும். தோட்டத்தப் பத்தி எனக்குச் சொல்லாத. நீ கட்டுனாக் கட்டு, இல்லைன்னா நானே கட்டிக்கிருவேன்."

அவர் கட்டிவிடுவார். ஸ்டார்ட்டர் பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டக்கூடிய ஆள். வீட்டுக்காரர் அப்பா பேச்சைத் தட்டாத பிள்ளை. நடுவில் நான் ஒருத்திதான் இருந்தேன். யாரோ ஒருவன் எங்கள் தோட்டத்தில் கரிக்கட்டையாகக் கிடப்பதை நான் காலையில் எழுந்து பார்க்கப்போகிறேன் என்று உறுதியாகத் தோன்றியது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்களே, இங்கே ஆள் தெரியாமல் கரண்டை விடப்போனார்கள். யார், எது என்று தெரியும்வரை கம்பி கட்டக்கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எப்படித் தெரிந்துகொள்வாய் என்று கேட்டபோதுதான் கேமரா என்று என் வாயில் வந்தது.

அப்படி ஒரு கேமரா உண்டு என்பது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஒரு கண்காட்சியில் தெரிந்த விஷயம். காட்டில் மரத்தில் கட்டி வைக்கும் பெட்டி. முன்னால் ஏதாவது நடமாடினால் தானே படம் எடுத்துக்கொள்ளும். திண்டுக்கல்லில் எங்களுக்கு வழக்கமாகப் போட்டோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரிடம் விசாரித்தேன். அவர் அப்படி ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் இல்லை என்று சொல்லும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. "கல்யாண வீடியோ கேமரா இருக்கு டீச்சர், ரெண்டு லைட்டோட வந்து தோட்டத்துல உக்காந்துர்றேன்" என்றார். பன்றிக்கு மாலை யார் வாங்குவது என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அமெரிக்காவில் நர்ஸாக இருந்த நாத்தனாரிடம் போனில் சொன்னேன். "மதினி, இங்க மான் வேட்டைக்குப் போறவுக எல்லாம் வச்சிருக்காக, கடையில கிடைக்கும்" என்று சிரித்தாள். பன்றி பார்க்க என்று மட்டும் சொன்னேன், அவள் அப்பா கம்பி கட்டச் சொல்வதைச் சொல்லவில்லை. அவள் அனுப்பிய விவரங்களை பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். பரீட்சைத்தாள் திருத்துவதைவிடக் கவனமாகப் படித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். எத்தனை அடி தூரம் பார்க்கும், பேட்டரி எத்தனை நாள் தாங்கும், மழையில் நனையுமா, உடம்புச் சூட்டை உணர்ந்த பிறகு படம் எடுக்க எவ்வளவு நேரம் பிடிக்கும். பிலிம் போடுவது வேண்டாம், கார்டு போடுவதே போதும் என்றாகிவிட்டது. கடைசியில் இரண்டு நின்றன. ஒன்று பளிச்சென்று ஃபிளாஷ் அடிக்கும், படம் கலரில் வரும், விலையும் குறைவு. இன்னொன்று அகச்சிவப்புக் கதிரில் எடுக்கும். வெளிச்சமே தெரியாது, படம் கறுப்பு வெள்ளை.

வீட்டுக்காரர் ஃபிளாஷ் போதும் என்றார். மாமனாருக்கு கேமராவே கேலியாக இருந்தது, ஆனால் வாங்குவதென்றால் ஃபிளாஷ்தான் என்று அவரும் சேர்ந்துகொண்டார். "பளிச்சுனு மூஞ்சியில அடிச்சா மிரண்டு ஓடுவான்ல. அப்புறம் இந்தப் பக்கம் தல வச்சுப் படுப்பானா?"

"ஓட்டுறதுக்குத் தகரத்தத் தட்டுனாப் போதும் மாமா. எனக்கு யாருன்னு தெரியணும். அவனுக்குத் தெரியாம நமக்குத் தெரியணும்."

நான்தான் ஜெயித்தேன். வெளிச்சம் அடிக்காத கேமராவை வாங்கச் சொன்னேன். ஃபிளாஷை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிற்பாடு நிறைய யோசித்திருக்கிறேன். ஒரே ஒரு பளிச்சில் எல்லாம் வேறு மாதிரி போயிருக்கலாம். அதுவே மோசமாகவும் போயிருக்கலாம்.

நாத்தனார் வாங்கிக் கொடுத்தனுப்பிய கேமரா, ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் வந்து சேர்ந்தது. எவர்சில்வர் டிபன் பாக்ஸ் அளவு, மரப்பட்டை நிறம். வெங்காயப் பாத்தியும் மடையும் வரப்போரமும் தெரிகிற மாதிரி ஒரு தென்னையில் இடுப்பு உயரத்துக்கு வார் போட்டுக் கட்டினோம். மாமனார் அப்போது வாழைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து பெட்டியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "இது பாட்டுப் படிக்குமா?" என்றார். அதற்குள் எத்தனை தடவை விளக்கியிருந்தோம்.

அந்த நாட்களில் இன்னொன்றும் நடந்தது. அவர் படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தால் கால்மாட்டில் மண் இருக்கும். காய்ந்த செம்மண், சில நாள் ஈரமாகவே. ஒன்றுக்குப் போய்விட்டுக் காலைக் கழுவாமல் படுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வயசான மனிதரிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று நாலு உதறு உதறித் தண்ணீரில் முக்கினேன்.

மறுபடியும் வெங்காயம் மூழ்கிய அன்றைக்கு கார்டைக் கழற்றி ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனோம். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. ஸ்டுடியோக்காரர் ஒவ்வொரு படமாகப் போட்டார். எல்லாம் சாம்பல் நிறத்தில், சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி எடுத்த மாதிரி இருந்தன. ஒரு கீரி. பக்கத்துத் தோட்டத்து நாய். ஒரு முள்ளம்பன்றி, சிலிர்த்துக்கொண்டு. ஒரே ஒரு படத்தில் காட்டுப்பன்றி, அதுவும் போகிற போக்கில் பின்புறம் மட்டும். "ஏ அப்பா, எம்புட்டுப் பெருசு!" என்று ஸ்டுடியோக்காரர் குதூகலித்தார். அடுத்த படத்தைத் தட்டியவர் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்.

ஒரு வேட்டி தெரிந்தது. மற்றதெல்லாம் மங்கலாக இருக்க, வேட்டி மட்டும் எரிகிற மாதிரி வெள்ளையாக நின்றது. அடுத்ததில் குனிந்த முதுகு. அதற்கடுத்ததில் மம்பட்டி ஓங்கியிருந்தது. பிறகு முகம்.

"டீச்சர், இது உங்க மாமனாரு இல்ல?" என்றார் ஸ்டுடியோக்காரர், மெதுவாக.

அவர்தான். ஆனால் நான் தினம் காபி கொடுக்கிற முகம் இல்லை. கண் திறந்திருந்தது, அதில் ஒன்றும் இல்லை. படத்துக்குப் படம் அவர்தான் இருந்தார், ஒரு நாள் இல்லை, பல நாள். சிலவற்றில் மடையை வெட்டினார். மிச்சத்தில் வரப்போரம், எந்த இடத்தில் கம்பி ஓடவேண்டும் என்று முளைக்குச்சி அடித்து வைத்திருந்தாரோ அதே இடத்தில், சும்மா நின்றார். என் வீட்டுக்காரர் கையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயம்தான் முதலில் வந்தது, பரிதாபம் பிறகுதான் வந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை என்பார்கள். இங்கே வேலிக்குத் தான் மேய்வதே தெரியவில்லை. இரண்டு படத்தைப் பிரிண்டு போட்டு வாங்கிக்கொண்டு வந்தோம்.

காட்டினால் புரிந்துகொள்வார் என்று நினைத்ததுதான் எங்கள் பைத்தியக்காரத்தனம். மறுநாள் காலை, நல்ல வெயிலில், அவர் கையில் கொடுத்தோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெருக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"பாத்தியா! எவனோ வர்றான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். நம்புனீகளா?"

"அப்பா, நல்லாப் பாருங்க. யாருன்னு தெரியலையா?"

"எவனோ கெழட்டுப்பய. ஏலே, இந்த மம்பட்டியப் பாரு, காம்புல ஆணி அடிச்சிருக்கு. நம்ம மம்பட்டிடா இது! நம்ம மம்பட்டிய எடுத்தே நம்ம மடைய வெட்டுறான் கள்ளப்பய."

அந்த ஆணி அவர் அடித்தது. காம்பு விரிந்தபோது என் கண் முன்னால் அடித்தார். மம்பட்டி தெரிந்தது, அதைப் பிடித்திருந்தவர் தெரியவில்லை. வீட்டுக்காரர் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். மாமனார் என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "கம்பியக் கட்டச் சொல்லு ஆத்தா. இன்னைக்கே கட்டச் சொல்லு. அவன் மூஞ்சி நல்லா இல்ல" என்றார். படத்தைக் கவிழ்த்து வைத்தார். அவரைப் பார்த்து அவரே பயந்துபோயிருந்தார்.

திண்டுக்கல்லில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். மூளை சுருங்குகிறது, மாத்திரை கொஞ்சம் தாங்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த உடனே மாமனார் கேட்ட கேள்வி, "கம்பி கட்டியாச்சா?" கட்டாவிட்டால் அவரே கட்டுவார். கட்டினால் அவரே அதில் போய் நிற்பார். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். அவர் கண் முன்னாலேயே வீட்டுக்காரர் கம்பியைச் சுற்றிக் கட்டினார், ரப்பர் சுற்றி, மிச்ச முளைகளையும் அடித்து, எல்லாம் முறைப்படி. கம்பியின் நுனியை மோட்டார் ரூமுக்குள் கொண்டுபோய் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பின்னால், கரண்டில் மாட்டாமல் சும்மா செருகிவைத்தார். ரூமுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மில்லுக்கே எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு தினம் சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி வரும்.

"கரண்ட் குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சுப்பா. யாரும் அந்தப் பக்கம் போயிராதீக."

"நான் எதுக்குப் போறேன்? எனக்கென்ன கிறுக்கா?"

ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு பொய் சொல்கிறோமே என்று எனக்கு உறுத்தியது. ஆனால் பொய் பலித்தது. மடை மாறவில்லை. வெங்காயம் காய்ந்த மண்ணில் நிமிர்ந்து நின்றது. படுக்கை விரிப்பில் முன்போல மண் இல்லை. கம்பியில் கரண்ட் ஓடுகிறது என்ற நினைப்பு அவருக்குள்ளே ஏதோ ஓர் ஆழத்தில் இறங்கி அவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது என்று நான் முடிவு கட்டினேன். அறிவியல் டீச்சர் அல்லவா, எல்லாவற்றுக்கும் என்னிடம் ஒரு விளக்கம் இருந்தது. உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். கிறிஸ்துமஸுக்கு அதிரசம் சுட்டேன், அவர் கேட்டுக் கேட்டுத் தின்றார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது கேமரா நினைவு வந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. வார் தளர்ந்து பெட்டி கொஞ்சம் திரும்பியிருந்தது, இப்போது அது மடையைப் பார்க்கவில்லை, வரப்பையும் கம்பியையும் மட்டும் பார்த்தது. பழக்கத்தில் கார்டை எடுத்துக்கொண்டு போய், மதிய இடைவேளையில் ஸ்டுடியோவில் கொடுத்தேன். அன்று வீட்டுக்காரர் கூட வரவில்லை.

கீரி வந்திருந்தது. நாய் கம்பிக்கு அடியில் நுழைந்து போயிருந்தது. பிறகு வேட்டி. மம்பட்டி இல்லை, வெறுங்கை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த படத்தில் ஒரு காரியம் செய்திருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார். தவறிப் பிடித்த பிடி இல்லை அது, கிணற்றில் கயிற்றைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடித்த பிடி. அடுத்த படத்திலும் பிடித்துக்கொண்டேதான் நின்றார். கண் மூடியிருந்தது. கடைசிப் படத்தில் கையை விட்டுவிட்டு, உள்ளங்கை இரண்டையும் விரித்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிரிண்டு போடவா டீச்சர்?" என்று ஸ்டுடியோக்காரர் கேட்டார். வேண்டாம், அழித்துவிடுங்கள் என்றேன். மதியத்துக்கு மேல் ஒன்பதாம் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது.

அதில் கரண்ட் இருக்கிறது என்று தினம் சாயங்காலம் நாங்களே சொல்லிக்கொடுத்திருந்தோம். அதை மறந்துதான் பிடித்தாரா? படத்தில் இருந்த கெழட்டுப்பயல் யாரென்று ஏதோ ஒரு நேரம் அவருக்குத் தெரிந்துபோய், தெரிந்தேதான் பிடித்தாரா? எந்தக் கேமராவும் அதை எடுக்காது. என் வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் மறந்துதான் என்றார், சத்தமாக, இரண்டு தடவை. இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார். நானும் மறுத்துப் பேசியதில்லை.

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்தது. வீட்டுக்காரர் எழுந்து உள்ளே போய்விட்டார். மாமனார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கரண்ட் குடுத்தாச்சா ஆத்தா?"

"குடுத்தாச்சு மாமா" என்றேன்.

அவர் ஜெபமாலையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு குழந்தைக்குச் சொல்வது போல, "நல்லாப் பாத்துக் குடுக்கச் சொல்லு" என்றார்.

முன்னறையின் வாசல் கதவுக்கு அன்றைக்கே வெளிப்பக்கம் ஒரு கொண்டி அடித்திருந்தோம். அவர் படுத்த பிறகு நான் சுற்றிக்கொண்டு போய் அதைப் போட்டேன். சத்தம் கேட்கக்கூடாது என்று அதற்குத் தேங்காயெண்ணெய் தடவி வைத்திருந்தேன்.